சூப்பர்வைசர் படியேறி வந்தார்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் பதினான்கு வருடம் அவர் பார்த்தது டெலிபோன் வேலை. ஊரில் எந்த லிஃப்ட் எங்கே நின்றாலும் முதல் அலறல் அவர் காதில்தான் விழும். "பதறாதீங்கம்மா, மூச்சை நல்லா இழுத்து விடுங்க, ஆள் கிளம்பியாச்சு" என்பார். ஆள் அப்போதுதான் டீ குடிக்க உட்கார்ந்திருப்பான். ஆனாலும் குரல் வெண்ணெய் மாதிரி இருப்பதால் எதிர்முனை அடங்கிவிடும். அந்தக் குரலுக்காகவே நாற்பத்தாறாவது வயதில் அவரைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள்.

அவருக்குக் கீழே இரண்டு பேர். ஒருவர் மெக்கானிக். பின்பாக்கெட்டில் ஸ்பேனர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை, அதனால் பெயரே ஸ்பேனர் ஆகிவிட்டது. இன்னொருவர் எலக்ட்ரீஷியன். இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா, பேச்சில் மட்டும் எர்த் கொடுக்காதவர், வாயைத் திறந்தால் ஷாக்தான்.

சூப்பர்வைசரிடம் ஒரே ஒரு குறை. அவருக்கு லிஃப்டில் ஏறப் பயம்.

ஏழு வயதில் கண்ணாமூச்சி ஆடப்போய்ப் பீரோவுக்குள் ஒளிந்தார். கதவு பூட்டிக்கொண்டது. தேடிய பிள்ளைகள் அலுத்துப்போய்ச் சாப்பிடப் போய்விட்டார்கள். பெரியவர்கள் பீரோவைத் திறந்தபோது பையன் சட்டைகளுக்கு நடுவே சட்டை மாதிரியே தொங்கிக்கொண்டிருந்தான். அதிலிருந்து கதவு சாத்தினால் நகரும் எந்தப் பெட்டியும் ஆகாது. இது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும்.

முதல் நாள் காலையில் அவர் இருவரையும் நிற்கவைத்து, "உங்க வேலைமேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு" என்றார். பிறகு மூவரும் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றுக்குப் போனார்கள். லிஃப்டைச் சரிசெய்து முடித்ததும் இருவரும் அதிலேயே ஏறினார்கள்.

"வாங்க சார்."

"நீங்க போங்க. டாக்டர் என்னைப் படியேறச் சொல்லியிருக்காரு. முழங்காலுக்கு நல்லதாம்."

ஏழாவது மாடிக்கு அவர் வந்து சேர்ந்தபோது சட்டை பிழிந்தெடுத்த மாதிரி இருந்தது. நாலு நிமிடம் பேச்சு வரவில்லை. பேச்சு வந்ததும் வேலை முடிந்ததற்கான பேப்பரை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பழுதுபார்த்த லிஃப்டில் சூப்பர்வைசர் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே ஒருமுறை போய்வந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். அது கம்பெனி விதி. பேப்பரின் தலைப்பிலேயே அச்சடித்திருக்கும்.

அடுத்த கட்டடத்தில், மாடிக்கு மாடி கதவைப் பார்த்துக்கொண்டே வருவதாகச் சொன்னார். அதற்கடுத்ததில், கல்லூரி நாளில் ஓட்டக்காரராக இருந்தவராம், பழக்கம் விடவில்லையாம். இருவருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. விளங்கியது தப்பாக விளங்கியது.

லிஃப்ட் ஓடும் குழி ஒரு நல்ல ஒலிபெருக்கி. ஒருநாள் நாலாவது மாடியில் மூச்சு வாங்க நின்றபோது, மேலே ஸ்பேனர் பேசுவது அவருக்குத் துல்லியமாகக் கேட்டது.

"நம்ம வேலைமேல முழு நம்பிக்கையாம். அதான் ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் ஏத்திவிட்டுட்டு அவரு மட்டும் படியில வர்றாரு."

"முழங்காலுக்கு நல்லதாமே, அண்ணே."

"யாரு முழங்காலுக்கு?"

இருவரும் சிரித்தார்கள். அவர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு குழுவே மௌனவிரதம் எடுத்த மாதிரி ஆனது. என்ன கேட்டாலும் "சரி சார்", "ஆச்சு சார்". எந்தக் கம்பி தேய்ந்தது, எது மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அவர் பிஸ்கட் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். தின்றுவிட்டு "சரி சார்" என்றார்கள்.

வீட்டில் மனைவியிடம் புலம்பினார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "இல்லாத டாக்டரை எத்தனை தடவை கூப்பிட்டீங்க?"

"அஞ்சாறு தடவை."

"நான் அவங்க இடத்துல இருந்தா பிஸ்கட்டைக்கூட நம்பித் தின்ன மாட்டேன்."

அந்த வாரமே கிளினிக்குகள் இருக்கும் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. அதன் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஸ்பேனர் நீட்டிய பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டு, கண்ணாடியை இறக்கி சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"நீங்க ஏறிப் பாத்தீங்களா?"

"இல்லம்மா, எனக்கு முழங்கால்..." என்று ஆரம்பித்தார். ஸ்பேனர் கூரையைப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் தன் செருப்பைப் பார்த்தார். சூப்பர்வைசர் டீச்சர் கையிலிருந்து பேப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"முழங்கால் நல்லாத்தான் இருக்கு. எனக்கு லிஃப்ட்னா பயம். சின்ன வயசுல பீரோவுல மாட்டிக்கிட்டேன். இவங்க வேலைமேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. ஏழு லிஃப்டுக்கு ஏறாமலே கையெழுத்துப் போட்டிருக்கேன். அது என் தப்பு."

எலக்ட்ரீஷியன் செருப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அப்ப அந்த ஓட்டப்பந்தயம்?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"பஸ்ஸுக்குக்கூட ஓடினதில்லம்மா."

ஸ்பேனர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். டீச்சர் மட்டும் அசையவில்லை. "பயம் இருக்கட்டும். பாதகமில்ல. ஏறுங்க" என்றார்.

ஏறினார். கதவு சாத்தியதும் கண்ணை இறுக மூடி ஸ்பேனரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். ஒரு பொத்தான் தெறித்து விழுந்தது.

"அது என்ன சத்தம்?"

"என் பொத்தான் சார்."

"இது?"

"கதவு லாக்."

"இப்ப ஒண்ணு கேட்டுச்சே?"

"ஃபேன் சார். காத்துதான் வருது, வேற ஒண்ணும் வராது."

ஐந்தாவது மாடி தாண்டியதும் மறுபடி, "கரகரன்னு ஒண்ணு..." என்றார்.

"அது ஒண்ணுமில்ல சா..." ஸ்பேனர் பாதியில் நிறுத்திக் காதைச் சுவரில் வைத்தார். முகம் மாறியது. திரும்பக் கீழே வந்து பார்த்தார்கள். பெட்டியைத் தண்டவாளத்தோடு பிடித்து ஓடவைக்கும் ஒரு கட்டை தளர்ந்திருந்தது. இரண்டு மாதத்தில் லிஃப்ட் நின்றிருக்கும்.

"இருபது வருஷமா இந்த வேலை பாக்குறேன், எனக்குக் கேக்கல" என்றார் ஸ்பேனர்.

"பயந்தவனுக்கு எல்லாமே கேக்கும்" என்றார் சூப்பர்வைசர். ஸ்பேனர் கட்டையை இறுக்கியதும் அவர் மறுபடி லிஃப்டில் ஏறிப் பார்த்தார். அதன்பிறகுதான் டீச்சர் பேப்பரை வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து பழைய ஏழு கட்டடங்களுக்கும் போனார். கண்ணை மூடிக்கொண்டு லிஃப்டில் நிற்கும் சூப்பர்வைசரைப் பார்த்து ஒரு கட்டடத்தில் குடியிருப்பவர்கள் மிரண்டுபோய்ப் படியில் ஏற ஆரம்பித்தார்கள். "கண்ணைத் திறந்து வெச்சுக்குங்க சார், நம்ம பொழப்பு கெட்டுரும்" என்று எலக்ட்ரீஷியன் கெஞ்சினார். நாலாவது கட்டடத்தில் பெட்டி இரண்டு மாடிக்கு நடுவே நின்றே விட்டது. உள்ளே அவரும் எலக்ட்ரீஷியனும். ஸ்பேனர் மேலே ஏறி இறக்கிவிடப் பதினொரு நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அவர் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். இரண்டு இடத்தில் தப்பு, அதைத் தான்தான் திருத்தியதாக எலக்ட்ரீஷியன் எல்லோரிடமும் சொன்னார். ஆபீஸுக்கு வந்ததும் பழுதுப் புத்தகத்தில் காரணம் என்ற இடத்தில், 'சென்ற மாதம் நான் ஏறிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது' என்று அவரே எழுதினார். மேனேஜர் கூப்பிட்டு அரைமணி நேரம் காய்ச்சினார். அவர் யார் பெயரையும் இழுக்கவில்லை.

மறுநாள் காலை ஸ்பேனர் தயங்கித் தயங்கி அவர் மேஜை அருகே வந்து நின்றார். "சார், போன வாரம் பார்த்தோமே துணிக்கடை லிஃப்ட், அதுல ஒரு போல்ட்டை நான் சரியா முறுக்கலையோன்னு நேத்துலேருந்து மனசு அரிக்குது. யாருக்கும் தெரியாது."

சூப்பர்வைசர் எழுந்து சட்டையை உள்ளே விட்டுக்கொண்டார்.

"கடை திறக்கிறதுக்குள்ள போயிரலாம், வாங்க" என்றார்.