உப்பளத்துல நின்ன அரபி

எங்க ஊட்டுக்காரரு சவுதியில வீட்டு டிரைவர். அவரு வேலை செய்யற வீட்டு அரபியை நான் பார்த்ததே இல்ல. ஆனா சினிமாவுல பார்த்திருக்கேனே! விரலுக்கு விரல் மோதிரம், கையில சாட்டை, ஒரு பேய்ச் சிரிப்பு. டிரைவரை அடிக்காத அரபியை எந்தப் படத்துலதான் காட்டினாங்க? "ஒண்ணும் ஆவாது, நல்ல மனுசன்"னு இவரு போன்ல சொல்லுவாரு. அடி வாங்கறவரு வேற என்ன சொல்லுவாருன்னு நெனச்சுக்குவேன்.

இந்தத் தடவை லீவுல வந்தப்ப சொல்லிட்டேன், "நீங்க திரும்பப் போகக் கூடாது." போகலைன்னா வேலை போயிடும். இருந்தாலும் அவரு சவுதிப் பெட்டியைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன்.

அந்த வாரம்தான் நம்ம மரக்காணம் உப்பளத்துல ஷூட்டிங். அரபு நாடாம்! ரெண்டு பேரும் பார்க்கப் போனோம். வெயில்ல உப்புக் குவியலெல்லாம் லேசா அசையற மாதிரி இருந்துச்சு. கடல் எது, வானம் எதுன்னு தெரியல. தூக்கத்துல நடக்கற மாதிரியே நடந்தேன். அந்த வெள்ளைக்குள்ள இருந்து நீள அங்கியும் தாடியுமா ஒரு அரபி வந்தான். எதிர்ல டிரைவர் வேஷக்காரரு மண்டி போட்டிருந்தாரு. அரபி கையை ஓங்கினான்.

எப்படி ஓடினேன்னே தெரியல. "கைய வெச்சுப் பாரு, அப்பறம் தெரியும் சேதி! கேக்க ஆள் இல்லன்னு நெனச்சியா?"

"கட், கட்"னு கத்தறாங்க. அரபி தாடியைப் பிச்சு எடுத்தான். "பாயம்மா, நான்தாம்மா!"

யா அல்லா! அனுமந்தையில மீன் ஏலம் விடறவரு. வாரா வாரம் நான் சங்கரா வாங்கறதே அவருகிட்டதான். இத்தனை வருசமா இந்தத் தாடிக்கா பயந்தேன்? மானமே போச்சு.

சாயங்காலம் இவரு சிரிச்சுக்கிட்டே சவுதியில இருக்கற நெஜ அரபிக்கு வீடியோ கால் போட்டாரு. பனியன், கைலி, மூக்குக் கண்ணாடியோட ஒரு வழுக்கைத் தலைப் பெரியவரு. கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரிச்சாரு. அப்பறம் முகம் மாறி, மெதுவா என்னமோ சொன்னாரு.

"என்னவாம்?"

"நம்ம ஊரைப் பார்க்கணும்னு அவருக்கு ரொம்ப நாளா ஆசை. அவரு சம்சாரம் விட மாட்டேங்குதாம். நம்ம படங்களைப் பார்த்துட்டு, இங்க நடுரோட்டுல அருவாளோட துரத்துவாங்கன்னு பயமாம்."

பின்னாடி ஒரு பொம்பளைக் குரல் படபடன்னு கேட்டுச்சு. முகம் தெரியல. அந்தப் பயம் எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. தமிழ் புரியாதேன்னுகூட யோசிக்காம போனை வாங்கினேன்.

"ஒண்ணும் ஆவாதும்மா. இங்கயும் நல்ல மனுசங்கதான். பயப்படாம அனுப்புங்க."

இவரு என்னையே பார்த்தாரு. நான் எழுந்து போய், பரண்ல இருந்த பெட்டியை இறக்கினேன்.