அம்மன் கொடுத்த முடி

நாகலாபுரம் பக்கத்துக் கிராமத்தில் ராதாமணிக்குப் பொறாமைக்காரி என்று பெயர். அவளும் மறுத்ததில்லை. கொழுந்தன் பெண்டாட்டி முத்துசெல்வியின் சேலைக்கரை, அவள் ஆடு ஈன்ற இரட்டைக்குட்டி, எதன் மேலும் ராதாமணியின் கண் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் வயிற்றை அணையாமல் எரித்தது முத்துசெல்வி மகள் சத்தியபாமாவின் முதுகுதான்.

பிறந்தபோதே அந்தப் பிள்ளையின் இடுப்புக்கு மேலே, நடு முதுகெலும்பில், குதிரைவால் போல ஒரு கொத்து முடி. அம்மன் தன் சடையில் கொஞ்சம் கொடுத்திருக்கிறாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. கத்தரிக்கோல் படக்கூடாது. வெள்ளிக்கிழமை மஞ்சள் தடவ வேண்டும். கோயில் கொடைத் திருவிழாவில் முதல் பால்குடம் அவள் தலையில்தான். ராதாமணியின் மகள் கோமதி, வயதில் மூத்தவள், பின்னால் நடப்பாள்.

2002 கொடையில் சத்தியபாமாவுக்கு ஒன்பது வயது. இடது காலில் உடைமுள் ஏறி, மண்ணெல்லாம் ரத்தம். பிள்ளை முகம் சுளிக்காமல் நடந்தது.

"ஆத்தா எறங்கிட்டா! முள்ளு பூவாயிட்டு பாருங்க!" என்று குலவை எழுந்தது. முத்துசெல்வியின் தலை ஒரு சாண் உயர்ந்தது.

"நடிக்கா கழுத," என்று முணுமுணுத்தாள் ராதாமணி. சாயங்காலம், "முள்ளெடுத்து விடுதேன், வாட்டி" என்று பிள்ளையை உட்காரவைத்தாள். முள்ளை எடுத்த பிறகும் ஊக்கை உள்ளங்காலில் அழுத்தினாள். அலறட்டும், குட்டு உடையட்டும்.

சத்தியபாமா சேவு தின்றுகொண்டே கேட்டாள்: "எடுத்தாச்சா பெரியம்மா?"

ஊக்கு பாதி உள்ளே இருந்தது. ராதாமணி ஊக்கைப் பிடுங்கி, அதன் முனையால் வலது காலை லேசாகத் தொட்டாள். பிள்ளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. இரண்டு கால்களையும் சேர்த்துவைத்தாள். இடது கெண்டைக்கால் சூம்பியிருந்தது. இதுவரை எரிச்சலோடு பார்த்ததெல்லாம் வரிசையாக நினைவில் வந்தது. இடது செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் போகிறவள். மழைக்குப் பின் கரிசல் சகதியில் இழுபட்டுக் கிடக்கும் இடது கால்தடம். ஒன்பது வயதிலும் கொல்லையில் காயும் நனைந்த பாய். அதைப் பார்த்து ராதாமணி எத்தனையோ நாள் விடியலில் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

பிள்ளைக்கு அந்தக் காலில் உணர்ச்சியே இல்லை என்று முத்துசெல்வியிடம் சொல்லிப் பார்த்தாள்.

"ஏக்கா, ஒம் மவ தலையில மொதக் கொடம் ஏறலன்னு எம் பிள்ளைய நொண்டியாக்குதியா?" என்றாள் முத்துசெல்வி.

ராதாமணியின் புருஷன் சீனியும் சிரித்தான். "நீ சொன்னா எவன்ட்டி நம்புவான்?"

"நான் பொறாமக்காரிதான். எங் கண்ணுக்குத் தெரியுதது பெத்தவளுக்குத் தெரியலையே!"

சனிக்கிழமை, ரிப்பன் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பிள்ளையைக் கோவில்பட்டிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனாள். டாக்டர் காலைத் தட்டிப் பார்த்தார். பிறகு சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். "இதை யாரும் காட்டவே இல்லையா? உள்ளே தண்டுவடம் சரியா அமையலைங்கிறதுக்கு வெளியே தெரியுற அடையாளம்மா இது."

டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் பெற்றவர்கள் மதுரைக்குப் போனார்கள். ஸ்கேனில் தெரிந்தது. கருவிலேயே வந்த கோளாறு: ஒரு எலும்புத் துருத்தல் தண்டுவடத்தை இரண்டாகப் பிளந்து நின்றது. வடத்தின் அடிநுனியும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை வளர வளர வடம் இழுபடுகிறது. எலும்பை எடுத்து வடத்தை விடுவிக்க வேண்டும் என்றார்கள். போன பலம் முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது, இனிமேல் போகாமல் பார்க்கலாம்.

ஆபரேஷனுக்கு முன்னால் முடியைச் சிரைத்தபோது முத்துசெல்வி ஒப்பாரியே வைத்துவிட்டாள். உதிர்ந்த முடியை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டாள்.

அடுத்த கொடை. "ஆத்தா முடிய வாங்கிக்கிட்டு பிள்ளையத் தந்துட்டா," என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள் முத்துசெல்வி. முதல் குடம் மறுபடி சத்தியபாமாவுக்கே. ராதாமணியின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. அவள் வயிறு பழையபடி எரிந்தது.

கோயிலை நெருங்கும்போது, "ஆ!" என்றாள் சத்தியபாமா. முள் ஏறிய இடது காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். குலவை அறுந்தது. சாய்ந்த குடத்தைக் கோமதி தாங்கி வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். முத்துசெல்வி ஓடி வந்தாள்.

"வலிக்கி… நீ வேண்டாம்மா. பெரியம்மா எடுக்கட்டும்."

ராதாமணி மண்ணில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் வாங்கினாள். அண்ணாந்து பார்த்தாள். முத்துசெல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை ராதாமணிக்கு அத்துப்படி, இத்தனை வருஷம் அவளே பார்த்த பார்வை.

அவள் மெதுவாக, ரொம்ப மெதுவாக, முள்ளை எடுத்தாள்.