வெந்நீரில் போட்ட கம்பளி

எங்கள் பக்கத்தில் அந்த நாளில் கம்பளி என்றால் ஆடு மேய்க்கிறவர் தோளில் கிடக்குமே, அந்தக் கறுப்புக் கம்பளி ஒன்றுதான். திண்டிவனத்தில் ஸ்வெட்டர் போட்டு நான் பார்த்தது மிஷன் பங்களா வெள்ளைக்கார மிசியம்மாவை மட்டும். அவரும் மார்கழிக் காலையில் கோயிலுக்கு வரும்போது போடுவார், வெயில் ஏறினதும் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். அப்படிப்பட்ட ஊரில் நான் கம்பளி பின்னக் கற்றுக்கொண்டது உலகச் சண்டையால்தான். எங்கேயோ குளிர் தேசத்தில் நிற்கும் பட்டாளத்துக்காரர்களுக்கு மப்ளரும் காலுறையும் வேண்டுமென்று மிசியம்மா சபைப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். காக்கி நிற நூலைத் தராசில் நிறுத்துக் கொடுப்பார்கள், பின்னி முடித்ததை நிறுத்து வாங்குவார்கள். வேலைக்குக் கொஞ்சம் கூலி உண்டு. நாலாவதோடு படிப்பை விட்டவளுக்கு அந்தக் கூலி பெரிசு.

புதிதாக ஊசி பிடிக்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன். முதல் வேலை மப்ளராக இருக்கட்டும். நேராகப் போகும், நேராகத் திரும்பும், கூட்டுவதும் குறைப்பதும் கிடையாது. நூல் தடிமனாக, வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பில் பின்னல் கண்ணி எங்கே விழுந்தது என்று தெரியாது, பத்து வரிசை போன பிறகு ஓட்டை பல்லைக் காட்டும். நூலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். இது நான் சொல்லவேண்டிய புத்தி இல்லை, எனக்கே கடைசிவரை வந்ததும் இல்லை. எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். நூல் பத்தாமல் போய்விடுமோ, எடை குறைந்து திருடி என்று சொல்லிவிடுவார்களோ, அடுப்பை அணைத்துவிட்டு வந்தேனோ இல்லையோ என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கும். பயந்தவள் கை தானாக இறுகும். என் மப்ளரைத் தொட்டுப் பார்த்து மிசியம்மா சிரித்தார்.

"இது மப்ளரா, பலகையா? குண்டு பட்டால்கூட உள்ளே போகாது."

எல்லாரும் சிரித்தார்கள். நான் குண்டு என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அன்று முழுக்க, இதைக் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கு என்ன ஆகுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் விழுப்புரம் இஞ்சின் கொட்டகையில் நிலக்கரி அள்ளுகிற வேலையில் இருந்தார். வாரத்துக்கு ஒரு தரம் ரயிலேறி வீட்டுக்கு வருவார். முதலில் கரித்தூள் இருமல் என்றுதான் எல்லாரும் சொன்னோம். எச்சிலில் ரத்தம் வந்தபிறகு காசநோய் என்று தெரிந்தது. வேலை போனது. மிசியம்மா எழுதிக் கேட்டு, மேற்கே மலையோரத்தில் இருந்த காச ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் வாங்கிக் கொடுத்தார். அந்தக் கட்டிலுக்காக எத்தனையோ பேர் காத்துக் கிடந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு விதி: வார்டில் ஜன்னல் கதவே கிடையாது, காற்றுதான் மருந்து, ராவும் பகலும் குளிர் அடிக்கும். அதனால் கம்பளிச் சட்டை கொண்டுவராதவரைச் சேர்க்கமாட்டார்கள். கட்டில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

சண்டைக் காலத்தில் கம்பளி நூலுக்கு எங்கே போவது? பட்டாளத்து நூலில் ஒரு முழம் தொட முடியாது. மிசியம்மாவே தன்னுடைய பழைய ஸ்வெட்டரைக் கொடுத்தார். சாம்பல் நிறம், முழங்கையில் ஓட்டை. "பிரித்துப் பின்னிக்கொள்" என்றார்.

பிரித்த நூல் சுருள் சுருளாகத்தான் வரும். பார்த்ததும் கெட்டுப்போன நூல் என்று பயப்படவேண்டாம். கையிலும் முழங்கையிலுமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்த்தியாகக் கட்டி, பச்சைத் தண்ணீரில் நனைத்து, அடியில் ஒரு செம்பைத் தொங்கவிட்டு நிழலில் காயவிட்டால் நேராகிவிடும். நான் அப்படித்தான் செய்தேன். கூடை முடைகிறவரிடம் மூங்கில் சிம்பு வாங்கி, தேய்த்து, விளக்கெண்ணெய் தடவி இரண்டு ஊசி செய்துகொண்டேன். அளவுக்கு என் வீட்டுக்காரருடைய நீலச் சட்டையைத் தரையில் விரித்துப்போட்டேன். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கைகள் இரண்டு. வீட்டு வேலை போக மீதி நேரமெல்லாம் பின்னினேன். அவர் சுவரில் சாய்ந்துகொண்டு பார்ப்பார்.

"இன்னா புள்ள, வாயில எண்ணிக்கினே இருக்கற? ஜெபமா?"

"பேசாதீங்க, கணக்கு வுட்டுடும்."

"வுட்டா இன்னா, ஒரு கை நீட்டா, ஒரு கை குட்டையா இருந்துட்டுப் போவுது. ஆஸ்பத்திரில என்னை இன்னா மாப்ள பார்க்கவா வர்றாங்க?"

புறப்படுகிற நாளுக்கு முந்தைய நாள் காலையில் சட்டை முடிந்தது. போட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்து சரியாக வந்த முதல் பெரிய வேலை அது. அதை மடித்து மூட்டை மேல் வைத்துவிட்டு மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நிற்கப் போனேன்.

எங்கள் குடும்பம் ஞானஸ்நானம் எடுத்து இரண்டு தலைமுறை. ஆனாலும் கோடித்துணி விஷயத்தில் யாருக்கும் பயம் விடவில்லை. தண்ணீர் படாத புதுத்துணி கோடி. அதைப் பிணத்துக்குத்தான் போர்த்துவார்கள். நோயாளி மேல் கோடி படக்கூடாது. இது என் மாமியாருக்கு வேதத்துக்கு அடுத்தபடி. எனக்கும் அந்தப் பயம் இருந்தது, பொய் சொல்லவில்லை. நூலைத்தான் நனைத்தாயிற்றே என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டிருந்தேன்.

மண்ணெண்ணெயோடு திரும்பி வந்தபோது கொல்லைக் கொடியில் ஒரு சின்னச் சட்டை தொங்கியது. பக்கத்து வீட்டுப் பிள்ளையுடையது என்று தாண்டிப் போனேன். பிறகுதான் நிறம் உறைத்தது.

என் மாமியார் துவைக்கிற கல்லருகே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சோடா உப்புப் போட்டுக் காய்ச்சிய தவலை இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நோய்க்காரர் துணியை வேகவைக்கவேண்டும் என்று, இவரைச் சோதித்த மிஷன் டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். வேகவைத்து, கல்லில் நாலு அடி அடித்து, பிழிந்து போட்டிருக்கிறார்.

"இன்னா அத்தே செஞ்சீங்க?"

"கோடியாவா அனுப்பறது எம் புள்ளைய?"

"பழைய நூலு அத்தே அது. வெள்ளக்காரம்மா போட்டுக் கழிச்சது."

"நூலு பழசு. சட்ட புதுசுதானடி? நீ நெனைக்கல, நான் நெனைச்சேன். காய்ஞ்சா நீட்டிக்கும்னு பார்த்தேன்... இது இன்னாடி இப்படி ஆயிப்போச்சி?"

இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தோம். அசையவில்லை. கண்ணி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, குதிரைச் சேணத்துக்கு அடியில் ஒரு விரிப்புப் போடுவார்களே, அந்த மாதிரித் தடித்துப் போயிருந்தது. என் கை இறுக்கமும் சேர்ந்துகொண்டதோ என்னவோ. கம்பளிக்குச் சூடும் அடியும் ஆகாது என்பதை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. மிசியம்மாவின் துணியை ஆயா துவைத்தாள், மப்ளர்களைத் துவைக்காமலே பெட்டியில் போட்டு அனுப்பினோம். நாங்கள் அறிந்தது பருத்தி ஒன்றுதான், அது எதையும் தாங்கும்.

என் வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்த்தார். சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. இருமல் நின்றதும், "மல்லாக்கொட்ட வேகவச்சாப்ல வச்சிட்டியா, எம்மா? கெடக்குது வுடு. நமக்கு ஒரு புள்ள பொறந்தா போடலாம்" என்றார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாமியார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை, எனக்குக் கட்டில் போய்விடும் என்ற ஒன்றுதான் தலைக்குள் சுற்றியது. பிரித்து மறுபடி பின்னலாம் என்றால் நூல் முனையே அகப்படவில்லை.

பின்னின துணியில் கத்தரி படக்கூடாது என்பது முதல் பாடம். ஒரு கண்ணி அறுந்தால் மொத்தமும் கழன்றுகொண்டு வரும். ஆனால் இது இனிப் பின்னின துணியா என்ன? கீழ் ஓரத்தில் நெல் அளவுக்கு வெட்டிப் பார்த்தேன். பிரியவில்லை. இன்னும் கொஞ்சம் வெட்டினேன். ரொட்டியை வெட்டினமாதிரி நின்றது. இரண்டு பக்கமும் அக்குள்வரை வெட்டினேன், சட்டைக் கைகள் இரண்டையும் எடுத்துப் பிளந்து பலகையாக்கி, பக்கவாட்டில் வெட்டிய இடத்தில் ஒட்டுப்போட்டுத் தைத்தேன். முன்னால் நடுவில் திறந்து, பழைய புடவைக் கிழிசலில் நாடா வைத்தேன். பொழுது சாய்வதற்குள் கை இல்லாத ஒரு மார்ச்சட்டை வந்தது. பார்க்கச் சகிக்காது. மாமியார் அதை மறுபடி தொடவில்லை, எட்ட நின்றே பார்த்தார்.

மறுநாள் விழுப்புரத்தில் வண்டி மாறி, காட்பாடிக்குப் போய், அங்கிருந்து வேறு வண்டி. வழியெல்லாம் அவர் தூங்கினார், நான் அந்த ஒட்டுச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, இதைச் சட்டை என்று ஒத்துக்கொள்வார்களா, திருப்பி அனுப்பினால் எங்கே போவது என்று மனசுக்குள் அரற்றிக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நர்சம்மா மூட்டையைப் பிரித்துப் பார்த்தார்.

"இது என்ன, சாக்கா?"

"கம்பளிங்க. சுருங்கிப்போச்சிங்க."

நர்சம்மா அதைக் கையால் தட்டினார். முகத்தருகே பிடித்து ஊதிப் பார்த்தார். "காத்து ஏறாது" என்றார். "சரி, உள்ளே போகட்டும். ஆனா பனி இறங்கறதுக்குள்ளே கை வைச்சது ஒண்ணு கொண்டு வந்துடணும். இங்கே மார்கழி உங்க ஊர் மார்கழி இல்லை."

கட்டில் கிடைத்தது.

திரும்பி வந்ததும் மிசியம்மாவிடம் கூலிக்குப் பதிலாகக் கம்பளி நூல் கேட்டேன். அது பட்டாளத்து நூல் என்று முதலில் முடியாது என்றார். பிறகு எங்கேயோ சொல்லி, சிக்கு விழுந்த மிச்சங்கள், கறை பட்ட கழிவுகள் என்று சேர்த்துக் கொடுத்தார். இந்தத் தரம் எனக்குப் புதுப் பயம். ஆஸ்பத்திரியில் எல்லாத் துணியையும் கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள் என்று அங்கேயே பார்த்துவிட்டு வந்திருந்தேன். எவ்வளவு சொன்னாலும் ஒரு நாள் யாராவது இதையும் போட்டுவிடுவார்கள். அப்போது சுருங்கினாலும் உடம்புக்கு ஆகவேண்டுமே. ஆகவே நீலச் சட்டையின் அளவுக்குமேல் பக்கத்துக்கு நாலு விரல் விட்டேன். கையையும் நீளமாக வைத்தேன். புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.

மார்கழியில் கொண்டுபோனேன். கட்டிலில் இருந்தவர் முகத்தைப் பார்த்ததும் கூட வந்த நர்சம்மாவைத் திரும்பிப் பார்த்தேன், வேறு கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாரோ என்று. கன்னம் இல்லை. கழுத்து எலும்பில் குழி. ஒட்டுச் சட்டையின் நாடாவை இழுத்து இழுத்துக் கட்டி, முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தது. அதன்மேல் புதுசைப் போட்டுவிட்டேன். தோள் இரண்டும் முழங்கைக்கு இறங்கின. கைக்குள்ளே கை காணவில்லை.

அவர் குனிந்து பார்த்தார். "இன்னொரு ஆளும் உள்ள வரலாம் புள்ள" என்றார். "நீ வர்றியா?"

அளவு எடுப்பதென்றால் ஆளை நிற்க வைத்து எடுக்கவேண்டும். கட்டிலில் கிடக்கும் ஆளுக்கு அவனுடைய பழைய சட்டையை வைத்து எடுக்கக்கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை, கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கழட்டுங்க, எடுத்துக்கினு போய்ப் பிரிச்சிச் சின்னதா போட்டுக் கொண்டாறேன்."

"உள்ளே வந்த துணி வெளியே போகக்கூடாது" என்றார் நர்சம்மா.

"கழட்டாத" என்றார் அவரும். "வந்ததிலிருந்து இப்பத்தான் சூடா இருக்குது."

அவரைத் திருப்பி உட்கார வைத்தேன். மிச்ச நூலை ஊசியில் கோத்து, முதுகுப்பக்கம் மிஞ்சினதை மடித்து மேலிருந்து கீழாகத் தைத்தேன். கை நுனியை இரண்டு மடிப்பு மடித்துத் தைத்தேன். ஒவ்வொரு தையலுக்கும் முதுகெலும்பு ஒவ்வொன்றாக விரலில் பட்டது. அவர் பேசிக்கொண்டிருந்தார், எதிர்க் கட்டில்காரர் ராத்திரியில் பாட்டுப் பாடுகிறார் என்றும், பால் தண்ணியாக இருக்கிறது என்றும். நான் உம் கொட்டிக்கொண்டு தைத்தேன். நேரமாகிவிட்டது என்று நர்சம்மா வந்து சொன்னபோது ஒரு கை பாக்கி இருந்தது. பல்லால் நூலை அறுத்துவிட்டு எழுந்தேன்.

தை மாதம் தகவல் வந்து நானும் மாமியாரும் போவதற்குள் எல்லாம் முடிந்து, அங்கேயே புதைத்திருந்தார்கள். துணிகளைக் கம்பளிச் சட்டைகளோடு சேர்த்துக் கொளுத்திவிட்டதாகச் சொன்னார்கள், அது அங்கே வழக்கம். மாமியார் வார்டைப் பார்க்கவேண்டும் என்றார், காட்டினார்கள். என் வீட்டுக்காரர் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார், சின்ன வயசு. கம்பளி பின்னால் கொண்டுவருவதாகச் சொன்னதால் சேர்த்துக்கொண்டோம் என்றார் நர்சம்மா. சட்டைமேல் சட்டையாக மூன்று பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு, கையை அக்குளில் வைத்துச் சுருண்டிருந்தார்.