ஹோன் இல்லாத பிக்கப்

இன்று பொகவந்தலாவை ரோட்டு வளைவொன்றில் என் பழைய பிக்கப்பும் பஸ்ஸும் மூக்கோடு மூக்கு முட்டப் பார்த்தன. நான் வழக்கம்போல ஜன்னலால் தலையை நீட்டி, ஏழு மலைக்கும் கேட்க "வண்டி வருதேய்!" என்று கத்திக்கொண்டுதான் வந்தேன்.

பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"ஏண்ணே, இப்படித் தொண்டையக் கிழிக்கிறதுக்கு ஒரு ஹோன் மாட்டக்கூடாதா?"

"ஹோன் இருக்கு தம்பி. மாட்டுற ஆள்தான் இல்ல."

அந்த ஆள் ஆரோக்கியம், தோட்டத்தில் பக்கத்து லய வீட்டுக்காரன்; என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். துருப்பிடித்த இந்த வண்டியைப் பாதி சீராக்கியிருந்தபோது தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் அவனுக்கும் பாஸ்போர்ட் வந்து, தலைமன்னாரில் கப்பலேறிப் போய்விட்டான். மீதி வேலை என் தலையில். அதுவரை நான் பழுதுபார்த்த ஒரே இயந்திரம் குடை.

ஒவ்வொரு பாகத்தையும் பால்மா டின்னில் போட்டு, எங்கே மாட்டுவதென்று மேலே எழுதி வைத்திருந்தான். இரண்டு வருடம் போராடினேன். முதன்முதலில் ஸ்டார்ட் செய்தபோது எழுந்த புகையில் மஸ்கெலியா வரை இருட்டி, கோழிகள் கூடடைந்துவிட்டன.

கடைசி டின்னில் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தான்: "ஹோன். இத நான் வந்து மாட்டுறேன். நீங்க தொடாதீங்க."

திருச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த அவன் கடிதம் நின்று மூன்று வருடம். டின்னைத் தினமும் துடைக்கிறேன், திறப்பதில்லை. பக்கத்து சீட்டில்தான் அதற்கு இடம். வளைவுகளில் கடகடவென்று ஏதோ பேசிக்கொண்டு வரும்.

திருச்சிப் பக்கம் உங்களுக்கு உறவுக்காரர்கள் இருந்தால் விசாரித்து அவனிடம் சொல்லச் சொல்லுங்கள்: வண்டி சிங்கம்போல ஓடுகிறது, மாமாவின் தொண்டைதான் இன்னும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது.