நான் தலையாட்டிய ஞாயிறு

இந்த ஆளா என்று பெண் பொலிஸ் ஒருவர் கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான். கழுத்து ஒரு விரற்கடை கீழே போய் மேலே வந்தது. அதற்குள் ஒரு மனிதரின் முகம் செங்கல் சுவரில் அழுந்தியது. இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போயின. தோள்மூட்டிலிருந்து, ஈரக் கிளையை ஒடிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே என் சபை பாடிக்கொண்டிருந்தது.

ஒழுங்காகச் சொல்ல வேண்டும். ஒழுங்கு எனக்கு வராது. எழுத உட்கார்ந்தால் மேசைக்குக் கீழே கால்கள் நடக்கத் தொடங்கிவிடும். இதை மட்டும் நின்ற இடத்தில் நின்று சொல்லப் பார்க்கிறேன்.

லண்டன் லூயிஷாமில் ஓர் ஆங்கிலச் சபையின் மண்டபத்தை ஞாயிறு பிற்பகல்களில் வாடகைக்கு எடுத்துத் தமிழில் ஆராதிக்கிறோம். பெரும்பாலும் யாழ்ப்பாணத்துச் சனம். சப்பாத்தைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். வாசலின் முன்கூரை பாதித் தூரம்தான் மூடும். சப்பாத்துகளோ படி வரைக்கும் வந்து நிற்கும். நெருப்பு அலாரம் அடித்தால் எல்லாரும் வெறுங்காலோடா ஓடுவீர்கள் என்று ஆங்கிலச் சபையின் குருவானவர் ஒருமுறை சிரித்துக்கொண்டு கேட்டார். ஓடிப் பழக்கம்தான் என்று எங்கள் போதகர் சொன்னார். குருவானவரின் சிரிப்பு அதோடு நின்றுபோனது.

அன்று நான் பிந்தி வந்தேன். வீதியைக் கடக்க நின்றபோது கண்டேன். கறுப்பின மனிதர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், பெரிய குப்பைப் பை ஒன்றில் எங்கள் சப்பாத்துகளைச் சோடி சோடியாகப் போட்டுக்கொண்டிருந்தார். சோடி சோடியாக. கள்ளன் சோடி பார்த்து எடுப்பானா என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. வீதியைக் கடக்க இருபது எட்டு இருந்திருக்கும். கடந்துபோய், ஐயா என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். நான் மறுகரையிலேயே நின்று பொலிசுக்கு மூன்று ஒன்பதுகளை அழுத்தினேன்.

என்ன சொன்னேன் என்பது எழுத்தெழுத்தாக ஞாபகம் இருக்கிறது. தேவாலயத்தில் ஒரு கறுப்பு ஆள் திருடுகிறான். பெரிய ஆள். எனக்குப் பயமாக இருக்கிறது.

பெரிய ஆள் என்று ஏன் சொன்னேன்? அவர் என் உயரம்தான். கண்ணாடி போட்டிருந்தார்.

இரண்டு கார்கள் வந்தன. என் வீட்டில் கள்ளன் புகுந்தபோது மூன்று நாள் வராத பொலிஸ், ஐந்து நிமிடத்தில் வந்தது. நான் இங்கே வேலை செய்கிறேன், மழை, சப்பாத்து நனைகிறது, உள்ளே வைக்கிறேன் என்று அவர் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். இந்தச் சாவி எங்கே கிடைத்தது என்று கேட்டார்கள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஆளா?

சுவரில் முகம் அழுந்தியபடி அவர் சொன்னார்: "தமிழ் ஆட்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அலுவலகம் எழுதியிருக்கிறது. யாராவது பாருங்கள்."

சபையின் செயலாளர் நான்தான். மண்டபம் பற்றிய ஆங்கில மின்னஞ்சல்கள் எனக்குத்தான் வரும். குப்பைத்தொட்டி, கதிரை, கழிவறைக் கதவு என்று எப்போதும் ஒரே முறைப்பாடுகள். அதனால் அவற்றைத் திறப்பதில்லை. மழையில் நின்றபடி கைபேசியைத் தட்டினேன். அந்தக் கடிதம் பதினொரு நாளாகத் திறக்காமல் கிடந்தது. புதிய மண்டபப் பராமரிப்பாளர் வேலைக்குச் சேர்கிறார், தயவுசெய்து அவரை வரவேற்கவும். கீழே அவருடைய படம். கண்ணாடி.

கைபேசியை நீட்டிக்கொண்டு ஓடினேன். பெண் பொலிஸ் வாசித்தார். சரி என்றார். ஆனால் கைவிலங்கைக் கழற்றவில்லை. இது இப்போது சப்பாத்து விஷயம் இல்லை, இவர் எங்களை எதிர்த்துக் கை ஓங்கினார் என்றார். ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். படியில் குப்பைப் பை சாய்ந்து கிடந்தது. மேலே இருந்தது என் போதகரின் சப்பாத்து. நனையாமல் இருந்தது.

எனக்குப் பத்தொன்பது வயதில் இராணுவம் எங்கள் ஊரைச் சுற்றி வளைத்தது. பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நடக்க விட்டார்கள். வாகனத்துக்குள் ஒருவன் இருந்தான். தலையில் சாக்கு, சாக்கில் இரண்டு ஓட்டை. தலையாட்டி என்போம். அவன் ஆட்டினால் ஆள் முடிந்தது. எனக்கு ஆட்டவில்லை. எனக்குப் பின்னால் வந்தவனுக்கு ஆட்டினான். பின்னால் வந்தவனின் தாய் இன்னும் தேடுகிறாள். முப்பது வருடமாக நான் அந்தச் சாக்கை வெறுத்திருக்கிறேன். கவிதை எழுதியிருக்கிறேன். மேடையில் வாசித்துக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

சாக்குக்குள் இருந்தவனை அடித்துக் கொண்டுவந்து இருத்தியிருந்தார்கள். என்னை யாரும் அடிக்கவில்லை.

மறுநாள் பராமரிப்பாளரை வெளியே விட்டார்கள். ஆனால் கடமையிலிருந்த பொலிசைத் தாக்கியதாகக் குற்றம் சாட்டப் போகிறார்கள் என்று குருவானவர் தொலைபேசியில் சொன்னார். ஆங்கிலச் சபையின் நிர்வாகம், விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அவருக்கு எழுதிவிட்டதாம். குற்றம் உறுதியானால் வேலை இல்லை. இந்த வேலை மட்டுமல்ல, பிள்ளைகளும் முதியவர்களும் வந்துபோகும் எந்தக் கட்டடத்திலும் வேலை இல்லை. பொலிசின் நெஞ்சில் இருந்த கமரா அந்த நேரம் பார்த்துச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாம். பக்கத்தில் நின்ற ஒரே ஆள் நீங்கள்தான் என்றார் குருவானவர்.

புதன்கிழமை பின்னேரம் எங்கள் சபைக் குழு கூடியது. லண்டனின் சட்டன் பகுதியிலிருந்து வரும் மூப்பர் முதலில் பேசினார். கடை வைத்திருப்பவர், கெட்ட மனிதர் இல்லை, என் விசாவுக்கு அலைந்து திரிந்தவர்.

"தம்பி, நீர் பிழை விட்டிட்டீர், சரி. மன்னிப்புக் கேளும். ஆனா பொலிசுக்கு எதிரா எழுத்தில குடுக்காதையும்."

"அவர் கை ஓங்கேல்லை அண்ணை. நான் கண்டனான்."

"கண்டனீர்தான். நாளைக்கு என்ர கடைக் கண்ணாடியை உடைச்சா நான் ஆரைக் கூப்பிடுறது? உம்மட கவிதையையோ?"

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்றைக்கும் என்னைத் திடுக்கிட வைக்கிறது.

போதகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சேர்ந்து ஒரு ஆராதனை வைப்பம். அவரையும் அவரின்ர சபையையும் கூப்பிடுவம். ஒப்புரவாகுதல் எண்டு தலைப்பு. முடிய ரோல்சும் தேத்தண்ணியும். என்ன?"

எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. ரோல்சில் மரக்கறியா மீனா என்பதில் கால் மணித்தியாலம் போனது.

அழைப்பைச் சொல்ல என்னை அனுப்பினார்கள். குருவானவர் கேட்டுப் பார்த்ததில், நான் வீட்டுக்கு வரலாம் என்று பராமரிப்பாளர் சொல்லியிருந்தார். மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவரின் வலது கை துணித் தூளியில் தொங்கியது. சுவரில் ஒரு சிலுவை, பக்கத்தில் சீருடையில் ஒரு மகளின் படம். தாதி போல இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். கேட்டுக்கொண்டார். ஆராதனை பற்றியும் ரோல்ஸ் பற்றியும் சொன்னேன். அதையும் கேட்டுக்கொண்டார்.

"பிரார்த்தனை என் சபையிலும் நடக்கிறது," என்றார். "தினமும் செய்கிறார்கள். நீங்கள் தொலைபேசியில் என்ன சொன்னீர்கள்?"

சொன்னேன். பெரிய ஆள் என்பதையும் விடவில்லை. அவர் தன் உடம்பைக் குனிந்து பார்த்தார், யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன கோட்டைப் பார்ப்பதுபோல.

"நான் அவர்களை அடித்தேனா?"

"இல்லை."

"அதை எழுதுங்கள். தொலைபேசியில் சொன்ன முதல் பாதியையும் எழுதுங்கள். பிறகு உங்கள் ரோல்ஸ் சாப்பிட வருகிறேன்."

தேநீர் தரவில்லை. நான் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. படி இறங்கும்போது தாகம் எடுத்தது.

எங்கள் ஆராதனையில் சாட்சி சொல்ல ஒரு நேரம் உண்டு. யாரும் எழும்பலாம். விசா கிடைத்தது, பிள்ளை சித்தியடைந்தது, முழங்கால் சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அடுத்த ஞாயிறு அந்த நேரத்தில் நான் எழும்பினேன். போதகரின் முகம் மாறியது. ஒலிவாங்கியை என்னிடமிருந்து எடுப்பதா விடுவதா என்று அவர் கை பாதி வழியில் நின்றது. நான் நடந்ததைச் சொன்னேன். என் தொலைபேசிப் பேச்சைச் சொன்னேன். தலையாட்டியைச் சொன்னேன். எங்கள் சனத்துக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. நாளைக்கு எழுத்தில் கொடுக்கப் போகிறேன் என்றேன்.

ஸ்தோத்திரம் என்று யாரும் சொல்லவில்லை.

பின்வரிசையில் ஒரு கதிரை தரையில் உராய்ந்தது. ஆராதனைக்குத் தேத்தண்ணி போடும் அக்கா எழும்பினா. அறுபது வயது. ஒருபோதும் சாட்சி சொல்லாதவ.

"நானும் கண்டனான்," என்றா. "குசினி யன்னலால. அந்த மனுசன் திறப்புக்கொத்தைக் காட்டத்தான் கையைத் தூக்கினவர். அடிக்க இல்லை. கண்டிட்டு..." நிறுத்தினா. "கண்டிட்டுத் தேத்தண்ணிக்குச் சீனி போட்டனான்."

"ஏன் அக்கா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"ஆரும் கேக்கேல்லையே தம்பி. நீங்கள் ரோல்ஸைப் பற்றியெல்லே கேட்டனீங்கள்."

அதன் பிறகு ஒருவர் எழும்பினார். பக்கத்து யன்னலால் கண்டவர். பிறகு ஒரு தாயும் மகளும். பிறகு பாடலுக்குக் கீபோர்ட் வாசிப்பவர், வாசித்துக்கொண்டே கண்டவர். பிறகு இன்னும் இருவர். அக்காவோடு சேர்த்து மொத்தம் ஏழு பேர். ஏழு பேரும் கண்டிருக்கிறார்கள். ஏழு பேரும் பாட்டை முடித்துவிட்டு, பாவ அறிக்கைக்கு முழந்தாளிட்டு, வெளியே வந்து பையிலிருந்து நனையாத சப்பாத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நான் தனியாகக் குற்றவாளியாக இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அது எவ்வளவு வசதியான நினைப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

சட்டன் மூப்பர் எழும்பி வெளியே போனார். ஒரு மாதம் வரவில்லை.

திங்கட்கிழமை பராமரிப்பாளரின் வழக்கைப் பார்க்கும் சொலிசிற்றரின் அலுவலகத்துக்குப் போனோம், அக்காவும் நானும் வேலை லீவு கிடைத்த இன்னும் இருவரும். மொழிபெயர்க்க ஓர் இந்தியத் தமிழ்ப் பிள்ளை வந்திருந்தாள்.

"அம்மா, அவர் கையைத் தூக்குனாரு, ஆமாவா?"

"ஓம் பிள்ளை. ஓமெண்டே போடு. ஆனா திறப்போட எண்டும் போடு. அது இல்லாட்டி நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

என் வாக்குமூலத்தை நானே ஆங்கிலத்தில் எழுதினேன். உவமை ஒன்றும் இல்லாமல் நான் எழுதிய முதல் பக்கம் அது. பெரிய ஆள் என்ற இடத்தில் பேனா நின்றது. வேண்டுமானால் விடலாம், வழக்குக்கு அவசியமில்லை என்றார் சொலிசிற்றர். எழுதினேன்.

ஏழாவது கிழமை பராமரிப்பாளருக்குப் பொலிசிடமிருந்து கடிதம் வந்தது. மேற்கொண்டு நடவடிக்கை இல்லை. ஒற்றை வரி. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. ஆங்கிலச் சபை அவரை வேலைக்குத் திரும்ப அழைத்தது. அவர்களின் கடிதத்திலும் அந்தச் சொல் இல்லை என்று குருவானவர் தலைகுனிந்து சொன்னார். ஒப்புரவு ஆராதனையைப் பற்றி எங்கள் பக்கத்தில் பிறகு யாரும் பேசவில்லை.

அவர் வேலைக்கு வந்த முதல் ஞாயிறு நான் நேரத்தோடு போனேன். வாசலில் நின்றார். இடது கையில் தும்புத்தடி.

"அடுத்த கிழமை ஹீட்டிங் திருத்த வருகிறார்கள். குளிரும். உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள்," என்றார்.

"சொல்கிறேன். தோள் எப்படி?"

"இருக்கிறது."

மேற்கொண்டு என்ன பேசலாம் என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது பெரிய வீதியில் சைரன் கேட்டது. எங்கேயோ, யாருக்காகவோ போகும் கார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தும்புத்தடி படியில் விழுந்த சத்தத்துக்குத்தான் திரும்பினேன். அவருடைய இரண்டு கைகளும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, விரல்கள் விரிந்து, வெறுமையாக, யாரும் பார்க்கும்படி நின்றன. முகத்தில் எதுவும் இல்லை. கைகள் மட்டும்தான். சத்தம் தேய்ந்து அடங்கும்வரை அவை அப்படியே நின்றன. நானும் நின்றேன். பிறகு அவர் குனிந்து தும்புத்தடியை எடுத்துப் படியைக் கூட்டத் தொடங்கினார்.