சத்தம் புகாத அறை

டொக்... டொக்... டொக்.

கிளினிக்கின் கண்ணாடிக் கதவை யாரோ தட்டினார்கள். மணி 6.42.

இது கற்பனை அல்ல, எனக்கு நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் நேரத்தில் மட்டும் ஒரு நிமிடம்கூட நான் கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை. அன்று மாலை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். அதற்குக் காரணம் இருந்தது.

காது, மூக்கு, தொண்டை டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் செவித்திறன் பரிசோதிப்பது என் வேலை. அன்று நான் காத்திருந்தது, என் கருவியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து சரிபார்ப்பவருக்காக. எல்லோருக்கும் அவர் 'மெக்கானிக்'. எனக்கு மட்டும் நான்கு வருடமாக வேறு. மனைவி இருப்பதை முதல் மாதமே சொல்லிவிட்டார். "அவளுக்கு உடம்பு முடியலை. நான் இல்லேன்னா இருக்க மாட்டா" என்பார். எங்கே போனாலும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவார். அவரைப் பற்றி நான் யாரிடமும் விசாரித்ததில்லை. விசாரித்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே!

அதற்கு முந்தின வாரம் திடீரென்று சொன்னார். "எங்க வீட்டு மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. நீ வந்துடு. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

கேட்கவே கூசியது. ஆனாலும் தலையாட்டிவிட்டேன். அன்று ஏழரைக்கு வேனோடு வருவதாகப் பேச்சு. என் இரண்டு பெட்டிகளும் மேஜைக்கு அடியில் தயாராக இருந்தன.

ஆறரைக்கு அக்கா போன் செய்தாள். வேறு ஊரில், அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் எனக்கு ஓர் இடம் பேசி வைத்திருந்தாள்.

"என்னடி, வர்றியா இல்லையா? இன்னிக்குள்ள சொல்லலேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

"யோசிக்கிறேன்க்கா."

"நாலு வருஷமா இதையேதான் சொல்றே. இலவு காத்த கிளிகூட காய் வெடிச்சதும் பறந்துடும்டி. நீ பஞ்சைப் பொறுக்கிக்கிட்டு உக்காந்திருக்கே!"

போனை வைத்தேன்.

பன்னிரண்டு நிமிடம் கழித்துத்தான் அந்த டொக்... டொக்.

டாக்டர் போய்விட்டார். வரவேற்பில் இருக்கும் பெண்ணும் போய்விட்டாள். கதவைத் திறந்தேன். நாற்பது வயதுப் பெண்மணி. படிய வாரிய தலை. முகத்தில் களைப்பு.

"காது டெஸ்ட் பண்ணணும்மா. ஏழரைக்குள்ள வீட்டுக்குப் போயிடணும்."

உள்ளே வந்தாள். கதவின் மேலே ஒரு சின்ன மணி தொங்கும். ஈ நுழைந்தால்கூட அடிக்கும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அன்று அது அடிக்கவில்லை.

படிவத்தில் பெயரை எழுதினேன். முகவரியைச் சொன்னாள். பாதியில் என் பேனா நின்றது. அந்தத் தெருவும் அந்த வீட்டு எண்ணும் எனக்கு மனப்பாடம். நான் போகத் துணியாத வீடு அது.

அவருடைய மனைவி!

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.  ஆனால் அவள் ஒன்றும் கேட்கவில்லை. தானாகவே நடந்து பரிசோதனை அறைக்குள் போய் உட்கார்ந்தாள். அந்த நாற்காலி யார் உட்கார்ந்தாலும் கிறீச்சிடும்.

அதுவும் சத்தம் போடவில்லை.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலடிக்கு நாலடி. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. கனத்த கதவு. சாத்திவிட்டால் வெளிச்சத்தம் எதுவும் உள்ளே போகாது. வெளியே என் மேஜை. நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல். நான் ஒலி அனுப்புவேன். கேட்டால் உள்ளே இருப்பவர் பட்டனை அழுத்துவார். என் கருவியில் பச்சை விளக்கு எரியும். அவர் பேசுவது மைக் வழியாக என் ஹெட்ஃபோனுக்கு வரும். பேசாமல் இருந்தால் மூச்சுச் சத்தம் வரும். எத்தனையோ பேருடைய மூச்சைக் கேட்டிருக்கிறேன்.

6.51. கதவைச் சாத்தினேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

மூச்சு வரவில்லை.

மைக் கோளாறோ என்று ஒலியளவைக் கூட்டினேன். ம்ஹும். கிணற்றுக்குள் காதை வைத்தது போல...

சரி, டெஸ்டை முடித்து அனுப்பிவிடலாம் என்று ஆரம்பித்தேன். நாற்பது டெசிபல். விளக்கு எரிந்தது. இருபது. எரிந்தது. பூஜ்யம். அந்த அளவு மெலிந்த ஒலி நாற்பது வயதுக் காதில் விழுவது அபூர்வம்.

எரிந்தது.

அதற்குக் கீழேயும் போனேன். கருவியின் கடைசி எல்லை.

எரிந்தது.

கையை எடுத்துவிட்டேன். இப்போது நான் எதுவுமே அனுப்பவில்லை.

எரிந்தது... அணைந்தது... எரிந்தது.

"என்ன கேக்குது உங்களுக்கு?" என்றேன். 

"உங்க போன் அடிக்கப் போகுது."

6.58. பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். அவர்தான். என் விரல் பச்சைப் பொத்தானுக்குப் போகவில்லை.

"கிளம்பிட்டேன்னு சொல்லத்தான் கூப்பிடறார்" என்றது ஹெட்ஃபோனில் அந்தக் குரல். "நீங்க வரீங்கன்னு சொன்னார். மாடி ரூமைக் கூட்டிச் சுத்தம் பண்ணி வச்சிருக்கேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உதடு அசையவில்லை.

"இந்த ரூம் எங்க வீடு மாதிரியே இருக்கும்மா. கதவைச் சாத்தினா ஒண்ணும் கேக்காது. நாம கூப்பிட்டாலும் வெளிய கேக்காது."

"நீங்க... போகலாம். டெஸ்ட் முடிஞ்சுது."

"எப்படிப் போறது? உள்ள ஒருத்தி இருக்கணுமே."

தட்...

பரிசோதனை அறையின் கதவு. வெளியே இருக்கும் கைப்பிடியைத் திருகினால்தான் அது திறக்கும். யாரும் திருகவில்லை. மெதுவாக... மெதுவாகத் திறந்தது.

"ஒரு நிமிஷம் வந்து உக்காந்து பாருங்களேன். அவர் பேசறது மட்டும்தான் கேக்கும். நாலு வருஷமா நீங்க கேட்டது அதுதானே?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எழுந்தேன்.

ஓர் அடி வைத்தேன்.

இன்னோர் அடி.

அவர் குரல் மட்டும். அவர் நேரம் கொடுக்கும்போது மட்டும். வாழ்நாள் முழுக்க.

என் கால் வாசற்படியில் நின்றது.

"நான் வரலை" என்றேன்.

சத்தமே எழவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினேன்.

"இங்கேயும் வரலை. அங்கேயும் வரலை!"

பச்சை விளக்கு அணைந்தது.

"நீங்களாவது வரலைன்னு சொன்னீங்களே..."

நாற்காலியில் யாரும் இல்லை.

7.04.

பெட்டிகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். எதிர்ப்புற பஸ் நிறுத்தத்தில் நின்றபடி அக்காவுக்கு "வர்றேன்" என்று ஒரே வார்த்தை சொன்னேன். 7.26க்கு அவருடைய வேன் வந்தது. இறங்கினார். கண்ணாடிக் கதவில் முகத்தை வைத்துப் பார்த்தார். என் கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், சாலையைக் கடந்து ஓடிவிடலாம் போலிருந்தது. பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

பதினாறு நாள் கழித்து, புது வேலையில் இருந்தபோது பழைய டாக்டர் கூப்பிட்டார்.

"ஏம்மா, உன் மேஜையில ஒரு டெஸ்ட் ஃபாரம் கிடக்கு. நம்ம மெக்கானிக்கோட வீட்டம்மா பேருல. தேதியைத் தப்பாப் போட்டுட்டியா?"

"இல்ல டாக்டர். அன்னிக்குத்தான் வந்தாங்க."

"விளையாடாதே. அவங்களுக்கு இடி விழுந்தாலும் கேக்காது, நான்தான் வைத்தியம் பார்த்தேன். அவங்க போய்ச் சேர்ந்தே அஞ்சு வருஷம் ஆச்சு."

அஞ்சு வருஷம். நான் அவரை முதன்முதலில் பார்ப்பதற்கும் ஒரு வருடம் முன்பு.

அன்று மாலை 6.15க்கு, கடைசி முறையாக அவருக்குப் போன் செய்தேன்.

"உங்க மனைவி இறந்து அஞ்சு வருஷம் ஆச்சாமே?"

  வேன் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அதனால என்ன?" என்றார்.

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அன்னிக்கு உன்னைப் பார்க்கக் கிளம்பினவ இன்னும் வீட்டுக்கு வரலை... உன்கூடவா இருக்கா?"