கையெழுத்துக் கேட்ட பவளக்கா

செய்தி வந்தபோது காலை ஒன்பதே கால் மணி. சுவிஸின் ஓல்டன் நகரில் எங்கள் களஞ்சியத்தின் ‘றாம்ப’வில், அதாவது லொறிகள் பின்பக்கமாக வந்து சரக்கு இறக்கும் மேடையில், நின்றிருந்தேன். பவளக்காவின் மகள் துர்க்கா தொலைபேசியில் அழைத்தாள். “அங்கிள், அம்மா போயிட்டா” என்றாள். எனக்கு முன்னால் ஒரு லொறிச் சாரதி நின்றுகொண்டிருந்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ‘பதினொரு நிமிடம் தாமதம்’ என்று தாளில் எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கி, அவனை அனுப்பிய பிறகுதான் நான் அழுதேன். இந்த ஒழுங்கைக் கேட்டிருந்தால் அக்கா மெச்சியிருப்பார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி துர்க்கா கேட்டாள். இப்படியான மலர்களில் ‘அன்பின் சிகரம், பண்பின் உறைவிடம்’ என்று எழுதுவதுதான் நம்மவர் வழக்கம். பவளக்கா சிகரம் இல்லை. நல்ல மனம் படைத்த பிடிவாதக்காரி. அவரோடு பன்னிரண்டு வருடம் ஒரே மேடையில் வேலை செய்தவன், ஒருமுறை பெரிய சண்டையும் பிடித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் அவரை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் பொறுத்திருக்க மாட்டார்.

றாம்பவில் அவருடைய வேலை, எந்த லொறி எத்தனை மணிக்கு வந்தது என்று பதிவது. பிந்தி வந்த சாரதியிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று எந்த மேலாளரும் அவருக்குச் சொல்லவில்லை. அது அவராகவே போட்டுக்கொண்ட சட்டம். ஒரு நாள் ஆறடி உயரச் சாரதி ஒருவன், நெடுஞ்சாலையில் வாகன நெரிசலுக்கு நானா பொறுப்பு என்று கத்தினான். அக்கா தன் உடைந்த ஜேர்மனில் ஏதோ சொன்னார். அவன் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்திட்டான். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “பிந்தினது நீங்கள், எழுதினது நான், இதிலை கோபம் எதுக்கெண்டு கேட்டனான். வாயாலை சொன்னது காத்தோட போயிடும் தம்பி. தாளிலை விழுந்தால் விழுந்ததுதான்” என்றார்.

அவருக்குச் சுவிஸ் குடியுரிமை கிடைத்தபோது, இனி யாழ்ப்பாணம் போய் இனசனத்தைப் பார்ப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவரோ ஒரு மத்தியான இடைவேளையில் சோற்றுப் பெட்டியைத் திறந்தபடி, மூன்று மாதம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துப் பாலஸ்தீனத்துக்குப் போவதாகச் சொன்னார். இராணுவ ஆக்கிரமிப்பின் கீழ் வாழும் சனங்களுக்குப் பக்கத்தில் நின்று, நடப்பதைப் பார்த்துப் பதிவுசெய்யும் சர்வதேசப் பார்வையாளர் வேலை. இங்குள்ள ஓர் அமைப்பு தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்புகிறதாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எங்கட சனம் சாகேக்கை ஆர் வந்தவை? ஒருத்தரும் வரேல்லை. நீங்கள் இப்ப ஆருக்குப் போறியள்?” என்று மேசையில் அடித்துக் கேட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. “சண்டை நேரம் வன்னியிலை இருந்து வெளிநாட்டுத் தொண்டுக்காரர் வெளிக்கிட்ட அண்டைக்கு நான் அவையின்ரை அலுவலக வாசலிலை நிண்டனான். போகாதேங்கோ எண்டு சனம் கும்பிட்டது. வெள்ளை வாகனமெல்லாம் வரிசையாப் போனது. பாக்கிறதுக்கு ஒருத்தரும் இல்லாத இடம் எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சவள்தானே போகோணும்?” என்றார். நான் வாயைத் திறக்குமுன் அடுத்ததையும் போட்டார்: “நீர் வருசாவருசம் ஜெனீவாவுக்கு ஆர்ப்பாட்டத்துக்குப் போய் என்ன கத்தினனீர்? வந்து பாருங்கோ எண்டுதானே?”

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் புறப்படும் வரை பேசவில்லை. அவர் அங்கிருந்து அனுப்பிய செய்திகளுக்கும் பதில் போடவில்லை. இன்று நினைக்க வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வந்த நாளில் ஓல்டன் புகையிரத நிலையத்துக்குப் போனேன். பெட்டியை வாங்கிக்கொண்டு, “சுகமோ அக்கா?” என்றேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். “நாலு மாசம் பிந்திக் கதைக்கிறீர். எழுதட்டோ? கையெழுத்து வைப்பீரோ?” என்று சிரித்தார். நிலையத்திலேயே கோப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அங்கேதான் பாலஸ்தீனத்தில் ஒரு வேலி வாசலின் கதையைச் சொன்னார்.

அவர் இருந்த கிராமத்தில் உம்மு காலித் என்றொரு பெண். வயது அறுபதுக்கு மேல். அவருடைய ஒலிவ மரங்கள் இராணுவம் போட்ட வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. அறுவடைக் காலத்தில் மட்டும் பன்னிரண்டு நாளுக்கு அனுமதி. வேலியிலுள்ள வாசலை இராணுவம் காலை ஆறு மணிக்குத் திறக்க வேண்டும், மாலையில் மறுபடி திறந்து ஆட்களை வெளியே விட வேண்டும். ஆனால் இரண்டு வருடமாக அறுவடை நடக்கவில்லை. மூன்று வருடம் தொடர்ந்து தரிசாகக் கிடந்த நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள அங்கே ஒரு பழைய சட்டம் இடம் கொடுக்கிறது. அது மூன்றாவது வருடம்.

அறுவடை ஏன் நடக்கவில்லை என்பது முதல் நாளே அக்காவுக்கு விளங்கிவிட்டது. ஆறு மணிக்குச் சனம் வந்து நின்றது. வாசல் திறக்கவில்லை. ஏழு மணியாகியும் திறக்காததால் பலர் திரும்பிப் போனார்கள். ஏழேகாலுக்கு ஜீப் வந்தது. வாசலைத் திறந்து, சில நிமிடத்தில் பூட்டி, ‘திறந்தோம், ஆட்கள் வரவில்லை’ என்று குறித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் அக்கா தாளோடு நின்றார். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதினார். உம்மு காலித் ஒரு கல்லில் உட்கார்ந்து, போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் இருந்தார்கள். அன்றைக்கும் ஜீப் பிந்தித்தான் வந்தது. அப்போது அக்கா ஒரு பிழை செய்தார். படையினரிடம் எதையும் நீட்டக் கூடாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். றாம்பவில் பல வருடப் பழக்கம், கை தானாக நீண்டுவிட்டது. அறுபத்தெட்டு நிமிடத் தாமதம் என்று எழுதி, இளம் படைவீரன் ஒருவனிடம் தாளையும் பேனாவையும் நீட்டி, “பிளீஸ், சைன்” என்றார்!

கூட நின்ற தொண்டர் ரூத், பேர்ண் நகரத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பயத்தில் உறைந்து போனாராம். அந்தப் பையன் துப்பாக்கியைத் தோளில் சரிசெய்து, பிறகு சிரித்து, மாட்டேன் என்று தலையாட்டினான். அக்கா அவன் கண் முன்னாலேயே ‘கையெழுத்திட மறுத்தார்’ என்று எழுதினார். பின்னேரம் அமைப்பின் பொறுப்பாளரிடம் நல்ல ஏச்சு வாங்கினார். “இனி நீட்டமாட்டன் எண்டு சொன்னனான். எழுத மாட்டன் எண்டு சொல்லேல்லை” என்றார் என்னிடம்.

தினமும் அந்தத் தாளின் பிரதி அமைப்பின் அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்து இராணுவத்தின் அலுவலகத்துக்குத் தொலைபேசி போனது. ஐந்தாம் நாள் ஓர் அதிகாரியே வந்து இறங்கினார்.

“யார் இங்கே கையெழுத்துக் கேட்பது?”

“நான்.”

“எந்த நாடு?”

“சுவிஸ்.”

“அதற்கு முதல்?”

“இலங்கை. அங்கேயும் இப்படி வாசல்கள் இருந்தன.”

அதிகாரி தாளைப் பார்த்தார். பெயர்கள், நேரங்கள், நாலு நாளின் தாமதங்கள். திரும்பி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். “பயமா இருக்கேல்லையோ அக்கா?” என்று கேட்டேன். “பயம்தான். அதுக்கென்ன, எழுத்துக் கொஞ்சம் கோணலாப் போச்சு” என்றார்.

மறுநாள் காலை ஐந்து ஐம்பத்தெட்டுக்கு ஜீப் வந்து வாசல் திறந்தது. “இரண்டு நிமிசம் முந்தி எண்டும் எழுதினனான். நியாயம் நியாயம்தானே” என்றார் அக்கா. மீதி ஏழு நாளும் வாசல் நேரத்துக்குத் திறந்தது. ஊரே சேர்ந்து கடைசி மரம் வரைக்கும் பறித்து முடித்தது. கடைசிச் சாக்கு வேலியைத் தாண்டி வந்தபோது பெண்கள் குலவையிட்டார்களாம். “எனக்கும் குலவை வருமெண்டு அண்டைக்குத்தான் தெரியும்” என்று சொல்லி, ஓல்டன் நிலையத்தில், அத்தனை பயணிகளுக்கும் நடுவில், ஒன்று போட்டும் காட்டினார். நான் கோப்பியைக் கொட்டிவிட்டேன்.

நீங்கள்தான் அந்த வாசலைத் திறக்க வைத்தீர்கள் என்று நான் சொன்னபோது மட்டும் முகம் மாறியது. “விசர்க் கதை கதையாதையும். திறப்பிச்சது போகாமல் இருந்த சனம். நான் மணிக்கூட்டைப் பாத்தனான், அவ்வளவுதான்.” அந்த வேலி இன்றும் நிற்கிறது. வாசலின் சாவி இன்றும் படையினரிடம்தான் இருக்கிறது. ஆனால் நிலம் உம்மு காலித்தின் பெயரில் இருக்கிறது.

இறுதிச் சடங்கில் உங்களில் பலர் இருந்தீர்கள். தேவாரத்துக்குப் பிறகு ரூத் எழுந்து, உம்மு காலித் அனுப்பிய செய்தியை ஜேர்மனில் வாசித்தார். துர்க்கா அழுதுகொண்டே தமிழில் சொன்னாள். “எங்களுக்காகத் தூரத்திலிருந்து கவலைப்பட்டவர்கள் பலர். அவர்களுக்கும் நன்றி. உங்கள் பவளம் வந்தாள். ஏழு மணிக்கு எல்லோரும் போக நினைத்தபோது அவள் என் பக்கத்தில் இருந்தாள்.”

அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவரும் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடமாக நாம் ஒரே வசனத்தைத்தான் சொல்லி வந்திருக்கிறோம்: ஒருத்தரும் வரேல்லை. அது உண்மை. அந்த உண்மையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நான் மேசையில் அடித்தேன். அதே உண்மையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவர் பெட்டி அடுக்கினார். அந்தச் சண்டையில் நான் தோற்றேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தத் தோல்வியைத்தான், அதைப்போல எனக்குப் பெருமை தருவது வேறொன்றும் இல்லை. இனி யாராவது என்னிடம் எங்களுக்கு ஒருத்தரும் வரேல்லை என்று தொடங்கினால், ஓம், உண்மைதான் என்பேன். பிறகு அவரை உட்காரவைத்து, எங்களிலை ஒருத்தி போனவ, கேளுங்கோ என்று சொல்லத் தொடங்குவேன்.